வாசகர் கேள்வி: கட்டிலுக்குக் கீழே 180 பிரதிகள்

கேள்வி: ஐயா, என் முதல் சிறுகதைத் தொகுப்பை 300 பிரதி அடித்தேன். வெளியீட்டு விழாவில் 90 போனது, சொந்தபந்தத்துக்கு 30. மிச்சம் 180 கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. முகநூலில் அட்டைப்படத்தைப் போட்டால் ‘வாழ்த்துக்கள்’ குவிகிறது. வாசித்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. வாசகரை எங்கே தேடுவது?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, நானும் கட்டிலுக்குக் கீழே பெட்டி வைத்திருந்தவன்தான். முதல் புத்தகத்துக்குக் கிளிநொச்சியில் மண்டபம் எடுத்து, தலைமையுரை, ஆய்வுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று ஒன்றும் விடவில்லை. வந்தவர்கள் என்வலப்பைத் தந்துவிட்டுப் புத்தகத்தோடு போனார்கள். அச்சகக் கடன் அன்றைக்கே அடைந்தது. (அதைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் பல புத்தகம் அச்சேறுவதே அந்த என்வலப்பால்தான்.) பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஒரு வீட்டில் தேத்தண்ணிக் கேத்திலுக்கு அடியில் என் புத்தகத்தைக் கண்டேன்.

ஆறு மாதம் கழித்து, புளியங்குளம் சந்தியில் சைக்கிளுக்கு ஒட்டுப்போட நின்றேன். கடைக்காரர் ரியூப்பைத் தண்ணிச் சட்டிக்குள் அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்: “ஐயாதானே அந்தக் கதை எழுதினது? காலபோக நெல்லை ஆவணியிலை வெட்டிப்போட்டியள். அது தை, மாசியிலை எல்லோ வெட்டுறது. ஆவணியிலை வெட்டுறது சிறுபோகம்.”

எனக்குக் காது சுட்டது. இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வளர்ந்தவன் விடுகிற பிழையா அது? ஆனால் விழாவுக்கு வந்த ஒருவரும் அதைப் பிடிக்கவில்லையே! புத்தகம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். வாசிகசாலையில் எடுத்தாராம், நான் இனாமாகக் கொடுத்த பிரதி. அடுத்த தொகுப்பை அச்சகத்துக்குக் கொண்டுபோக முதல் அவருடைய கடைக்குத்தான் கொண்டுபோனேன். அவர் வழியாக இரண்டு கமக்காரர், ஒரு பஸ் கொண்டக்டர், ஒரு ரீச்சர் வந்தார்கள்.

ஆகவே பெட்டியை வெளியே இழுங்கள். பிரதேச சபை நூலகங்களுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் இரண்டிரண்டாகக் கொடுங்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டி, ‘எந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘கதை எப்படி?’ என்று கேட்டால் எல்லோரும் நல்லம் என்றுதான் சொல்வார்கள். உங்கள் கைபேசி எண்ணைப் போடவேண்டாம், இரவு 11 மணிக்கு ‘ஹாய்’ வரும். நூலகரிடம் கேட்டு நூலக முகவரியைப் போடுங்கள். பதில் எழுதுகிறவரின் பெயர், ஊர், எந்தக் கதையைப் பற்றி எழுதினார் என்பதை ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள், பதிலும் போடுங்கள். அடுத்த புத்தகம் வரும்போது அந்தக் கொப்பிதான் உங்கள் கையிருப்பு.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பள்ளிக்கூடங்கள் பேச ஆள் தேடும், ஓகஸ்டிலேயே அதிபரைப் போய்ப் பாருங்கள். பெரியவர்களைக் கூட்டுவதென்றால் அறுவடை முடிந்த பங்குனி நல்லது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் நாளில் மட்டும் வைத்துவிடாதீர்கள், நாற்காலிகளோடுதான் கதைக்கவேண்டி வரும்.

வெளிநாட்டுச் சித்தப்பா 50 பிரதி கேட்டால் கொடுங்கள். அதை வாசகர் கணக்கில் மட்டும் சேர்க்கவேண்டாம்.

கேள்வி: புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் (சர்வதேசப் புத்தக அடையாள எண்) அவசியமா? எடுத்துத் தர ஒருவர் காசு கேட்கிறார்.
- வாசகர், மாங்குளம்

பதில்: எடுங்கள் தம்பி, நூலகங்களுக்கும் புத்தகக் கடைகளுக்கும் அது உதவும். இடையில் ஆள் தேவையில்லை. கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். அட்டை அச்சுக்குப் போக முதல் எடுங்கள். நான் பிந்தி எடுத்து, ஒவ்வொரு பிரதியிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன்.