மாமா மாத்திரையை நிறுத்திவிட்டாரா?

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு ஆசிரியை. என் மாணவர்கள் போனில் எது வந்தாலும் அப்படியே நம்புகிறார்கள். ஒப்படைப்புக் கொடுத்தால் முதலில் கண்ணில் படுகிற பக்கத்தைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். நம்பகமான தளங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். தளத்தின் முகவரி ‘டாட் ஆர்க்’ (.org) என்று முடிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள்தான், மறுபடி பழைய கதை. வீட்டிலும் நிம்மதி இல்லை. பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கும் என் மாமனார் போன மாதம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டார். வெண்டைக்காய் ஊறவைத்த தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை அடியோடு போய்விடும், மாத்திரையே வேண்டாம் என்று. பத்தாவது படிக்கும் என் மகன், ‘தாத்தா, இது பொய். இதில் இருக்கும் டாக்டர் படம் வேறு யாருடையதோ’ என்று எல்லோர் முன்னாலும் எழுதிவிட்டான். அதை அழிக்கச் சொல்லி, மாமாவிடம் மன்னிப்பும் கேட்கவைத்தேன். அந்த மன உளைச்சலில் வகுப்பில் கவனம் போய்விட்டது. மாணவர்களுக்கு இதை எப்படித்தான் புரியவைப்பது?

– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: மாணவர்களைப் பற்றி அப்புறம் பேசலாம், சகோதரி. உங்கள் மாமனார் இப்போது சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா, இல்லையா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மாமா மனம் நோகக் கூடாது என்ற பதைப்பு இருக்கிறது. ஒப்படைப்பைப் பற்றிய வருத்தம் இருக்கிறது. அந்த மனிதர் மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று மட்டும் ஒரு வரி இல்லை. பதினைந்து வருடச் சர்க்கரைக்காரர் மருந்தை விட்டால் கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் என்ன ஆகும் என்பது படித்த உங்களுக்குத் தெரியாததில்லை. அந்த வீட்டில் அதைப் பற்றி வாய் திறந்தவன் ஒருவன்தான். அவன் வாயைத்தான் நீங்கள் அடைத்தீர்கள்.

நாற்பது பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று தவிக்கிறீர்கள். உங்கள் மகன் செய்ததை வரிசையாக நினைத்துப் பாருங்கள். செய்தியைப் படித்தான். இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தான். படத்தைத் தேடிப் பார்த்தான். அது வேறு ஆளுடையது என்று தெரிந்ததும், தாத்தா ஏமாந்துவிடக் கூடாதே என்று சொன்னான். உங்கள் வகுப்பு முழுக்க எதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களோ, அதை அவன் யாரும் சொல்லாமலே செய்தான். கிடைத்தது என்ன? அழி, மன்னிப்புக் கேள். இனி அவன் எதையும் தேடிப் பார்க்க மாட்டான். பார்த்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டான்.

இந்தப் புலம்பல் எனக்குப் புதிதல்ல. ஆசிரியர்களும் பெற்றோரும் வருடக்கணக்காக இதையே எழுதுகிறார்கள், ‘பிள்ளைகள் எதையும் நம்புகிறார்கள்’ என்று. பெரியவர்கள் எதையும் அனுப்புகிறார்கள் என்று ஒருவர்கூட எழுதியதில்லை.

பெரியவர்களுக்கு மரியாதை வேண்டும் என்பதில் எனக்கு உங்களைவிடப் பிடிவாதம் அதிகம். எனக்குப் பதினாலு வயது இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு ஒரு தபால் கார்டு வந்தது. சாமி பெயரில் இதை இருபத்தொரு பேருக்கு எழுதிப் போட்டால் நல்லது நடக்கும், கிழித்துப் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று எழுதியிருந்தது. அம்மா பயந்துபோய் கார்டு வாங்கி வைத்து எழுத உட்கார்ந்துவிட்டார். ‘இதை முதலில் எழுதினது யாரு? அவங்களுக்கு வேற வேலை இல்லையா?’ என்று நான் கத்தினேன். அப்பா என்னைத் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: “நீ கேட்டது சரி. கேட்ட விதம் சரியில்லை. போய் அம்மா பக்கத்துல உட்கார்ந்து, அதையே மெதுவா கேள்.” கேட்டேன். அம்மா நாலாவது கார்டோடு நிறுத்தினார். அப்பா என் தொனியைத்தான் திருத்தினார், கேள்வியைத் தொடவில்லை. நீங்கள் கேள்வியையே அழிக்கவைத்துவிட்டீர்கள்.

வயதானவர் தவறான மருந்தை எடுக்கும்போது சும்மா இருப்பதை நான் மரியாதை என்று சொல்ல மாட்டேன். அது கைகழுவுவது. மருமகளுக்கு மாமனாரிடம் உள்ள கடமையில் அவர் உடம்பும் அடக்கம்.

குரூப்பில் ஒருவர் ‘இருங்க, இது உண்மையான்னு பார்ப்போம்’ என்று சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நம் மாநிலமே பார்த்திருக்கிறது. 2018 மே மாதம் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று போன்களில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த ஒரு குடும்பத்தின் கார் வழியில் நின்றது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்த வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றுவிட்டார்கள். அதே வருடம் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில் பைக்கில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, ஓர் அட்டையைப் பிடித்துக் காட்டுவதோடு முடியும். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். இந்த ஒரு வீடியோவை வகுப்பில் வைத்து ஒரு வாரம் பாடம் நடத்தலாம் நீங்கள்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். உங்கள் பட்டியல் ஏன் வேலை செய்யவில்லை? யாரும் முகவரியைத் தட்டச்சு செய்து பொய்யைத் தேடிப் போவதில்லை. அது ரீல்ஸாகவும் ஃபார்வர்டாகவும் அவர்கள் கைக்கே வருகிறது. ‘டாட் ஆர்க்’ முகவரியை யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கலாம். பளிச்சென்ற வடிவமைப்பையும், ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தையும் ஏமாற்றுகிறவன்தான் இன்னும் கவனமாகச் செய்வான்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு மங்கலான வீடியோவைக் கொடுத்தார்கள். யாரோ வாக்குப் பெட்டிக்குள் கள்ள ஓட்டுகளைத் திணிக்கும் காட்சி. அமெரிக்காவில் 2016 தேர்தலின்போது நடந்ததாக அதில் போட்டிருந்தது. இணையத்தில் தேடிப் பார்க்கத் தடையில்லை. ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் அது வலுவான ஆதாரம் என்றார்கள். ரஷ்யாவில் எடுத்தது என்று கண்டுபிடித்தவர்கள் மூன்றே பேர். அதனால் உங்கள் பிள்ளைகள் மட்டும் மக்கு என்று நினைக்காதீர்கள்.

அந்தக் குழுவில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் அதற்கு முன்பு, 2017-இல், இன்னொன்றும் செய்தார்கள். பத்து வரலாற்று அறிஞர்கள், பத்து செய்தி சரிபார்ப்பவர்கள், இருபத்தைந்து கல்லூரி மாணவர்கள், எல்லோரிடமும் ஒரே தளங்களைக் காட்டினார்கள். அறிஞர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து மேலிருந்து கீழாகப் படித்தார்கள், பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சில நொடிகளிலேயே அதை விட்டு வெளியேறினார்கள். பக்கத்திலேயே புதிய தாவல்களை (டேப்) திறந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். புது இடத்தில் பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டாரிடமே போய் ‘நீங்கள் நல்லவர்களா’ என்று கேட்போமா? அக்கம்பக்கத்தில்தானே விசாரிப்போம். உங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பழக்கம் வந்தால் போதும்.

வாரம் ஒரு நாள், பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்த வாரம் தங்கள் வீட்டுக் குரூப்பில் வந்த ஒரு செய்தியை ஒரு மாணவர் கொண்டுவரட்டும், அனுப்பியவர் பெயர் இல்லாமல். மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அது பல கை மாறி வந்தது, அனுப்பிய சித்தப்பா அதை எழுதியவர் இல்லை. படம் இருந்தால், படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டு, இதற்கு முன்பு அது எங்கே, எந்த வருடம் வந்தது என்று தேடட்டும். மருந்து விஷயமா, அதில் போட்டிருக்கும் டாக்டர் அப்படிச் சொன்னதற்கு வேறு எங்காவது தடயம் உண்டா என்று பார்க்கட்டும். இப்போது ஏஐ செயலியிடம் கேட்டு எழுதுகிறார்கள், அதற்கும் இதே விசாரணைதான். ஹைடெக் லேப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உங்கள் ஒரு போன் போதும். உண்மையான செய்திகளையும் நடுவில் கலந்து கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லாமே பொய் என்று கையை விரிக்கக் கற்றுக்கொள்வார்கள், அது இன்னும் மோசம்.

பக்கத்துக் கேரளத்தில் இது பழைய விஷயம். தடுப்பூசி வதந்திகளைப் பார்த்துச் சலித்து, 2018-இல் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பு நடத்தியது. ஆனால் எந்த வகுப்பும் வீட்டு வாசலைத் தாண்டினால்தான் நிற்கும். நீங்கள் கற்றுக்கொடுத்ததை வீட்டில் போய்ச் சொல்லும் நாற்பது பிள்ளைகளையும் அவரவர் அம்மா உங்களைப் போலவே அதட்டினால், உங்கள் பாடம் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

முதல் வேலையாக உங்கள் மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். ‘நீ கண்டுபிடித்தது சரி. எல்லோர் முன்னாலும் ‘பொய்’ என்று எழுதியதைத்தான் நான் தடுத்திருக்க வேண்டும், அதைச் சொல்லாமல் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னது என் தப்பு’ என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். தாய் மன்னிப்புக் கேட்டால் குறைந்துபோக மாட்டாள். பிறகு அவனைத் தாத்தா பக்கத்தில் உட்காரவையுங்கள். போனைத் தாத்தா கையில் கொடுத்து, அந்த டாக்டர் படத்தை அவரே தேடிப் பார்க்கும்படி பேரன் காட்டட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். காபி போட்டுக்கொண்டு போய்க் கொடுங்கள், போதும்.

அதற்கும் முன்னால், இன்று ராத்திரியே, மாமாவின் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.