சம்பளத் துண்டைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு

தம்பி, கனடாவில் வாங்கிய முதல் சம்பளத் துண்டைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது என்று எழுதியிருந்தாய். கூட வேலை செய்கிறவர், "பொலியேவ் வந்தா வரி எல்லாம் குறையும், அவருக்கே ஓட்டுப் போடு" என்றாராம். யார் அந்த ஆள், நம்பலாமா என்கிறாய். லீவுக்கு இலங்கை வந்து, பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பி.ஆர். கார்டோடு, அதாவது நிரந்தரமாக வசிக்கத் தரும் அட்டையோடு, ஓட்டுப் போட முடியாது. ஐந்து வருஷத்துக்குள் 1095 நாள் கனடாவில் இருந்து, பிரஜையான பிறகுதான். எங்கள் தாத்தா 1947இல் ஓட்டுப் போட்டவர். அடுத்த வருஷம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்ம தோட்டத்து ஆட்கள் பிரஜை இல்லை என்றானது, 1952 தேர்தலில் அவருக்கு ஓட்டு இல்லை. பிரஜையானால்தான் ஓட்டு, அதனால் அவசரப்படாதே.

நம்ம பக்கத்தில் முதலில் கேட்பது, யார் வீட்டுப் பிள்ளை என்று. மலையக அரசியலில் தொண்டமான் வீட்டில் தாத்தா, பேரன், பேரனின் மகன் என்று வந்தது. பியர் பொலியேவ் அப்படி இல்லை. 1979இல் கல்கரியில் 16 வயதுப் பெண்ணுக்குப் பிறந்து, ஆசிரியர்களான ஒரு தம்பதி தத்தெடுத்து வளர்த்த பிள்ளை. படிக்கும் காலத்திலேயே கன்சர்வேட்டிவ் பக்கம் சேர்ந்து, ஒட்டாவாவில் ஸ்டாக்வெல் டே என்ற எம்.பி.யிடம் வேலை பார்த்தார். 2004இல், 25 வயதில், பதவியில் இருந்த பாதுகாப்பு அமைச்சரைத் தோற்கடித்து எம்.பி. ஆனார். ஹார்ப்பர் பிரதமராக இருந்த காலத்தில் மந்திரி, 2022இல் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர். வரிப் பணத்தை வீணாக்குகிறார்கள் என்று ஓயாமல் பேசுகிறவர், பெரியவரான பிறகு கிட்டத்தட்ட முழுக்க வரிப் பணத்தில்தான் சம்பளம் வாங்கினார். எனக்கு அது கொஞ்சம் உறுத்தும்.

அவர் பெயர் வாங்கியது, எரிபொருளுக்குப் போட்ட கார்பன் வரியை ஒழிப்பேன் என்று சொல்லித்தான். 2024இல் பெட்ரோல் லீட்டருக்கு 17.6 சதம் அந்த வரி. பெட்ரோல் பங்கில் நிற்கும்போதெல்லாம் நானும் அவர் பக்கம் தலையாட்டியவன். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்டாரியோவில் நாலு பேர் குடும்பத்துக்கு 280 டொலர் பேங்கில் திரும்பி விழுந்ததை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. கடைசியில் 2025 ஏப்ரல் 1இல் அந்த வரியை நிறுத்தியது, பிரதமரான லிபரல் கட்சியின் கார்னி. அந்த மாதம் வந்ததே கடைசிப் பணம்.

வருமான வரியில் முதல் படியை 15 வீதத்திலிருந்து 12.75 ஆக்குவேன் என்றார் பொலியேவ். 2025 தேர்தலில் ஜெயித்த கார்னி 14 ஆக்கினார். அந்தத் தேர்தலில் பொலியேவ் இருபது வருஷம் வைத்திருந்த கார்ல்டன் தொகுதியையே இழந்தார். பிறகு ஆல்பர்ட்டாவில் ஒருவர் சீட்டை விட்டுக்கொடுக்க, ஆகஸ்ட் இடைத்தேர்தலில் ஜெயித்து உள்ளே வந்தார்.

இதை எழுதும்போதுதான் அக்கா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்தாள். சொன்ன கிலோவுக்கு ரெண்டு கிலோ குறைந்ததால் இன்றைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். காலையிலிருந்து மழை, கொழுந்தும் இல்லை. அவளுக்கு வெட்டுவது வரியே இல்லை, ஆனால் பாதி நாள் கூலி போய்விட்டது.

உன் துண்டில் பிடித்திருப்பது எல்லாமும் வரி இல்லை. சி.பி.பி. என்பது வயதான காலத்து ஓய்வூதியத்துக்கு, நம்ம ஈ.பி.எஃப். மாதிரி; அதில் நீ போடும் அளவுக்கு முதலாளியும் போடுவார். இ.ஐ. என்பது வேலைக் காப்புறுதி, வேலை போனால் உதவும். மீதிதான் வருமான வரி. அதையும் கூடப் பிடித்திருந்தால் வருஷக் கணக்குப் போடும்போது திரும்பி வரும்.

வருஷம் முடிந்ததும் ஏப்ரல் 30க்கு முன் அந்தக் கணக்கைப் போட்டுவிடு. கொஞ்ச மாதம்தான் உழைத்தேன் என்று விட்டுவிடாதே. நான் அப்படித்தான் விட்டேன்; போடும்வரைக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு திருப்பித் தரும் ஜி.எஸ்.டி. பணம் ஒரு சதம் வரவில்லை. நான் 20ஆம் தேதி திரும்புகிறேன். துண்டுகளை எறியாமல் வைத்திரு, வந்ததும் உட்கார்ந்து பார்ப்போம்.