'வெயிட்டைக் குறைச்சுட்டு வாங்க' – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்க கட்டுரைகளை ரொம்ப நாளா படிக்கறேன், இப்பதான் எழுதறேன். எனக்கு வயசு 43, வெயிட் 98 கிலோ. வலது முட்டி ஒரு வருஷமா வலிக்குது, படி இறங்கும்போது உயிர் போகுது. டாக்டர்கிட்ட போனேன், நான் சேர்ல உட்கார்றதுக்குள்ளயே "முதல்ல ஒரு இருபது கிலோ குறைச்சுட்டு வாங்க, அப்புறம் முட்டியைப் பார்க்கலாம்"னு சொல்லிட்டார், தொட்டுக்கூடப் பார்க்கல. நர்ஸ் பிபி பார்த்தாங்க. பட்டை கையைச் சுத்தி வரல, இழுத்து ஒட்டினாங்க, காத்து ஏறும்போது பிய்ச்சுக்கிட்டு வந்துடுச்சு, திரும்ப ஒட்டி கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டாங்க, பக்கத்துல நின்ன இன்னொரு நர்ஸ் சிரிச்சாங்க. 152ன்னு காட்டுச்சு, அதுக்கு ஒரு மாத்திரை எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் நான் எந்த டாக்டர்கிட்டயும் போகல. டயட் இருந்து மூணு தடவை நல்லா குறைச்சிருக்கேன், மூணு தடவையும் திரும்ப ஏறிடுச்சு, கடைசி தடவை முன்னைவிடக் கூடவே. தம்பிகிட்ட சொன்னா "டாக்டர் சொன்னதுல என்ன தப்பு, நீ சாக்கு தேடற"ங்கறான். நான் சாக்கு தேடறேனா அக்கா? வெயிட் குறையறதுக்குன்னு இப்ப எல்லாரும் சொல்ற அந்த ஊசியைப் போட்டுக்கலாமா? பேர் போட வேண்டாம்.

அன்புள்ள தோழிக்கு,

முட்டிக்கு அப்புறம் வர்றேன், முதல்ல அந்த 152. நீங்க போறபோக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்க, எனக்கு அதுதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. பிபி பட்டைக்குள்ள காத்து அடைக்கற பை ஒண்ணு இருக்கும், அது கையோட சுத்தளவுல 80 சதவீதத்தையாவது சுத்தி வரணும், வரலைன்னா ரத்தக்குழாயை அமுக்கறதுக்கு கூடுதல் அழுத்தம் வேணும், மிஷின் அந்தக் கூடுதலையும் சேர்த்து இதுதான் உங்க பிபின்னு காட்டிடும். தோளுக்கும் முழங்கைக்கும் சரியா நடுவுல, கையைச் சுத்தி தையல் டேப்பை வச்சு அளந்து பாருங்க. 27லேர்ந்து 34 சென்டிமீட்டர்னா சாதாரணப் பட்டை, 35லேர்ந்து 44ன்னா லார்ஜ், அதுக்கும் மேலன்னா எக்ஸ்ட்ரா லார்ஜ். 2023ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல இதையே சோதிச்சுப் பார்த்தாங்க, லார்ஜ் தேவைப்படறவங்களுக்கு சாதாரணப் பட்டையைப் போட்டா மேல் அளவு சராசரியா 5 கிட்ட கூடக் காட்டுச்சு, எக்ஸ்ட்ரா லார்ஜ் தேவைப்படறவங்களுக்கு கிட்டத்தட்ட 20 கூடக் காட்டுச்சு. உங்களுக்குப் பட்டை பிய்ச்சுக்கிட்டே வந்திருக்கு, அப்ப உங்க 152 நிஜமாவே 152ஆ, இல்ல 147ஆ, 132ஆ, யாருக்கும் தெரியாது, தெரியாத ஒரு நம்பருக்கு மருந்து எழுதியாச்சு. மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. ஆனா சரியான பட்டையில ரெண்டு மூணு தடவை திரும்பப் பார்க்கச் சொல்லிட்டு, அந்த நம்பரை வச்சு டாக்டர்கிட்ட பேசுங்க.

சிரிச்ச நர்ஸ் மேல எனக்கு கோபம்தான், ஆனா அலமாரியில இல்லாத அந்தப் பெரிய பட்டை மேல அதைவிடக் கோபம். கேலி பண்றதை மட்டும்தான் நாம அவமானம்னு கணக்குல எடுத்துக்கறோம், யாருமே கேலி பண்ணாத ஆஸ்பத்திரியிலயும் பருமனா இருக்கறவங்களுக்கு அளவு தப்பா எடுக்கறது, மருந்து தப்பா போறதுன்னு நடந்துக்கிட்டுத்தான் இருக்கும். கீமோதெரபி டோஸையே எடுத்துக்கோங்க, பருமனான கேன்சர் நோயாளிகளுக்கு அவங்க உடம்பு அளவுக்கு முழு டோஸ் குடுக்க பயந்துக்கிட்டு பல டாக்டர்கள் குறைச்சுக் குடுத்துட்டு இருந்தாங்க, குணப்படுத்தற நோக்கத்துல குடுக்கும்போது உண்மையான வெயிட்டை வச்சு முழு டோஸ் குடுங்கன்னு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2012ல தனியா வழிகாட்டி போட்டுச் சொல்ல வேண்டி இருந்துச்சு. இதுல யாரும் யாரையும் திட்டல பாருங்க.

சரி, உங்க தம்பிக்கு வர்றேன். அவர் சொல்றதுல ஒரு பாதி சரி, அதை நான் மழுப்பப் போறதில்ல. வெயிட்டுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்ல, எல்லாம் டாக்டர்கள் கட்டிவிட்ட கதைன்னு ஒரு கோஷ்டி இப்ப பேசுது, அதுல எனக்கு ஒப்புதல் இல்ல. சுகர், தூக்கத்துல மூச்சு அடைச்சுக்கறது, முட்டித் தேய்மானம் இதுக்கெல்லாம் வெயிட்டோட தொடர்பு நல்லாவே நிரூபணமானது. நடக்கும்போது உடம்புல ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறையும்னு அளந்தே பார்த்திருக்காங்க. ஆனா "வெயிட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கு"ங்கறது ஒரு விஷயம், "வெயிட்டைக் குறைங்கன்னு சொல்லி அனுப்பறது ஒரு சிகிச்சை"ங்கறது முழுக்க வேற விஷயம். முதல் விஷயத்துக்கு ஆதாரம் குவிஞ்சு கிடக்கு. ரெண்டாவதுக்கு? முதல்ல சொன்னதோட ஆதாரத்தைக் காட்டியே ரெண்டாவதை ஓட்டிக்கிட்டு இருக்காங்க, உங்க தம்பி மாட்டிக்கிட்டதும் அங்கதான், பல டாக்டர்கள் மாட்டிக்கிட்டதும் அங்கதான்.

லுக் அஹெட்னு அமெரிக்காவுல ஒரு பெரிய சோதனை நடந்துச்சு, சுகர் இருக்கற பருமனான 5,145 பேர், அதுல பாதிப் பேருக்கு டயட்டீஷியன், உடற்பயிற்சி, குரூப் மீட்டிங், போன் பண்ணி விசாரிக்கறதுன்னு வருஷக்கணக்கா தாங்கு தாங்குன்னு தாங்கினாங்க. முதல் வருஷம் அவங்க சராசரியா 8.6 சதவீதம் குறைஞ்சாங்க, கிட்டத்தட்ட பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தா 6 சதவீதம், எதுவும் பெருசா செய்யாத குரூப்புல 3.5. மாரடைப்பு, பக்கவாதத்துல ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசம் தெரியலன்னு 2012ல நிறுத்திட்டாங்க. பிரயோஜனமே இல்லன்னு சொல்ல மாட்டேன், மருந்து குறைஞ்சது, தூக்கம் சரியானது, நடமாட்டம் நல்லா இருந்துச்சு. ஆனா அவ்வளவு ஆள்பலம் வச்சு நிக்க வச்சது அந்த 6 சதவீதம்தான், உங்க 98 கிலோவுக்குக் கணக்குப் போட்டா ஆறு கிலோ. உங்ககிட்ட கேட்டது இருபது, குடுத்த உதவி ஒரு வாக்கியம்.

மூணு தடவை ஏறினதுக்கும் உங்க மேல பழி போட்டுக்காதீங்க. 2011ல ஆஸ்திரேலியாவுல வந்த ஆய்வு ஒண்ணு, கடுமையான டயட்ல குறைஞ்சவங்களை ஒரு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டு ரத்தத்தைச் சோதிச்சாங்க, பசியைத் தூண்டற ஹார்மோன் அப்பவும் கூடவே இருந்துச்சு, வயிறு நிறைஞ்சதைச் சொல்ற ஹார்மோன்கள் குறைஞ்சே இருந்துச்சு. உடம்பு வட்டிக்குக் கடன் குடுத்தவன் மாதிரி வாசல்லயே உட்கார்ந்திருக்கு, நீங்க மறந்தாலும் அது மறக்காது. இதுக்குப் போய் மனக்கட்டுப்பாடு இல்லன்னு பேரு வச்சா என்ன பண்றது.

இப்ப முட்டி. படி இறங்கும்போது வலிக்குதுங்கற ஒரு வரியிலயே கேட்க ஆயிரம் கேள்வி இருக்கு. வலி முன்பக்கமா உள்பக்கமா, வீங்குதா, நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குதா, சட்டுனு மடங்கி விழப்பார்க்குதா, காலைல எழுந்தா எவ்வளவு நேரம் பிடிச்சுக்குது, எப்பயாவது திருகிக்கிச்சா. அப்புறம் படுக்க வச்சு மடக்கி நீட்டிப் பார்க்கணும், மூட்டோட ஓரத்துல விரல் வச்சு அமுக்கணும், தொடைச் சதை ஒரு பக்கம் இளைச்சிருக்கான்னு ரெண்டு காலையும் ஒப்பிடணும், இடுப்பையும் சுத்திப் பார்க்கணும், ஏன்னா இடுப்பு மூட்டுல கோளாறு இருந்தா முட்டியில மட்டும் வலி தெரியறது உண்டு. பத்து நிமிஷ வேலை. சவ்வு கிழிசலா, சதை பலவீனமா, வாதமா, தேய்மானமான்னு அதுக்கப்புறம்தான் பேச முடியும். தேய்மானமே ஆனாலும் இன்னைக்கே செய்யற வைத்தியம் இருக்கு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தர்ற தொடைச் சதைப் பயிற்சி, அதுக்கு முன்னாடி ஒரு கிலோகூடக் குறைய வேண்டியதில்ல. பயிற்சியோட வெயிட்டும் குறைஞ்சா வலி இன்னும் குறையுது, அதையும் சோதனை பண்ணிப் பார்த்திருக்காங்க, அதனால டாக்டர் வெயிட்டைப் பத்திப் பேசினதே குத்தம்னு நான் சொல்லல. அதை வாசல்ல டிக்கெட் கேட்கற மாதிரி கேட்டதுதான் குத்தம். பிரிட்டன்ல டாக்டர்களுக்கு வழிகாட்டி போடற நைஸ் அமைப்போட 2022 வழிகாட்டியில மூட்டு மாத்து ஆபரேஷனுக்கு அனுப்பறதுக்கே வெயிட்டைக் காரணம் காட்டி ஒருத்தரைத் தடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு, நீங்க கேட்டது வெறும் பரிசோதனை.

அடுத்த தடவை போகும்போது (போகணும், போகாம இருக்கறது உங்களுக்குத்தான் நஷ்டம், பருமனான பெண்கள் இந்த அவமானத்துக்குப் பயந்தே கேன்சர் பரிசோதனையைக்கூடத் தள்ளிப்போடறாங்கன்னு ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வருது) கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, தம்பியையே கூட்டிட்டுப் போனாலும் நல்லதுதான், பார்க்கட்டும். சண்டை போட வேண்டாம். "வெயிட் விஷயம் எனக்குத் தெரியும் டாக்டர், அதுக்குத் தனியா நேரம் ஒதுக்கிப் பேசலாம், இன்னைக்கு முட்டியைப் பாருங்க, இதே வலியோட 60 கிலோ ஆள் வந்தா என்ன பண்ணுவீங்களோ அதைப் பண்ணுங்க"ன்னு சொல்லுங்க. பார்க்க மாட்டேன்னா, என்ன காரணத்துக்காகப் பார்க்கலங்கறதை சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க, பெரும்பாலும் அந்த இடத்துல கை தானா முட்டிக்கு வந்துடும். நீங்க ஏற்கனவே சாப்பிடற மருந்து லிஸ்ட்டையும் கொண்டுபோங்க, ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்து, வலிப்பு மருந்து எல்லாம் வெயிட்டை ஏத்தும், மூணு டயட் தோத்த ஆள்கிட்ட இதை யாராவது கேட்டிருக்கணும், உங்க கடிதத்துல யாரும் கேட்ட மாதிரி தெரியல.

பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எவ்வளவு வெயிட்னு பார்க்கற கணக்கு, அதைப் பத்தி நீங்க கேட்கல, ஆனா அந்தச் சீட்டுல கண்டிப்பா இருக்கும், அதனால ஒரு வார்த்தை. அந்தக் கணக்கை 1832ல போட்டவர் கெத்தலேங்கற பெல்ஜியம்காரர், வானியல், புள்ளியியல் ஆள், டாக்டர் இல்ல, கூட்டத்தோட சராசரியைப் பார்க்கத்தான் போட்டார். ஒரு தனி ஆளுக்கு நோய் இருக்கா இல்லையான்னு பிஎம்ஐயை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, உறுப்புகள் பாதிச்சிருக்கா, அன்றாட வேலை தடைபடுதான்னு பாருங்கன்னு லான்செட் இதழோட நிபுணர் குழுவே 2025 ஜனவரில சொல்லிடுச்சு.

ஊசிக்கு வர்றேன். நான் டாக்டர் இல்ல, போடுங்க போடாதீங்கன்னு சொல்ற இடத்துல நான் இல்ல, தெரிஞ்சதைச் சொல்றேன். அந்த ஊசிகள்ல ஒண்ணான செமாக்ளூடைட் நிஜமாவே வேலை செய்யற மருந்து, 2021ல வந்த சோதனையில 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் குறைஞ்சுது. முட்டித் தேய்மானம் இருக்கற பருமனானவங்களுக்கே தனியா சோதிச்சு 2024ல வெளியிட்டாங்க, மருந்தே இல்லாத போலி ஊசி போட்டவங்களைவிட மருந்து போட்டவங்களுக்கு வலி நல்லாவே குறைஞ்சுது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு 20 சதவீதம் குறைஞ்சதா 2023ல ஒரு பெரிய சோதனை சொல்லுச்சு, ஆனா அது ஏற்கனவே இதய, ரத்தக்குழாய் நோய் இருந்தவங்கள்ல. இன்னொரு பக்கம், நிறுத்தினா ஒரு வருஷத்துக்குள்ள குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறிடுது, அதனால இதை பிபி மாத்திரை மாதிரி நீண்ட நாள் மருந்தாத்தான் யோசிக்கணும், கல்யாணத்துக்கு முன்னாடி மூணு மாசம் போட்டுக்கற சமாசாரம் கிடையாது. குமட்டல், வாந்தி சகஜம், பித்தப்பைக் கல் வரலாம், சதையும் கூடச் சேர்ந்து குறையும், அதனால தொடைப் பயிற்சியை விட முடியாது. குடும்பத்துல யாருக்காவது மெடுல்லரி தைராய்டு கேன்சர் இருந்திருந்தா போடக் கூடாது, கர்ப்பமாகற யோசனை இருந்தாலும் கூடாது. எவ்வளவு நாள் போடணும், அவ்வளவு நாளும் செலவு தாங்குமா, நிறுத்தணும்னா எப்படி நிறுத்தறது, இதெல்லாம் முதல் ஊசிக்கு முன்னாடியே கேட்டுடுங்க. அதுக்கும் முன்னாடி முட்டியைக் காட்டிடுங்க, என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க.