நின்றுபோன பைக்கைக் கிளப்புவது எப்படி? கேள்வி பதில்

செந்தில், தேனி: யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், ஆறு வருஷமா ஷெட்டுல நிக்குது. கிக்கர் இறங்கவே மாட்டேங்குது. ஏறி மிதிக்கலாமா சார்?

வேண்டாம். நின்ற வண்டியில் பிளக்கைக் கழற்றாமல் கிக்கரைத் தொடவே கூடாது. பிஸ்டன் ரிங் துருப்பிடித்து சிலிண்டரைக் கவ்வியிருக்கும். ஏறி மிதித்தால் ரிங் உடையும், இல்லை கிக்கர் பல் போகும். டீசலும் 2டி ஆயிலும் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) சரிபாதி கலந்து, பிளக் துளை வழியாக 20 மில்லி விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியர் போட்டு பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பிஸ்டன் இளகியதும் சாவியை ஆஃப் செய்துவிட்டு, பிளக் இல்லாமலே பத்து கிக் அடித்து ஆயிலை வெளியேற்றுங்கள். துளைக்கு நேரே முகம் வேண்டாம்.

அடுத்தது கார்புரேட்டர். அடிக் கிண்ணத்தில் பழைய பெட்ரோல் கோந்து மாதிரி இறுகியிருக்கும். பைலட் ஜெட்டை (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையுள்ள திருகு) கழற்றி, கிளீனர் ஸ்ப்ரே அடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு ஒளி முழு வட்டமாகத் தெரியணும். பிறைபோலத் தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. இரும்புக் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். ஒயருக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழை போதும். ஏர் ஸ்க்ரூவை மெல்ல இறுக்கி, ஒன்றரைச் சுற்று திறந்து வையுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்ச் அமுக்கினால் பொடிகிறதா? உடனே மாற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆனபின் ஐடிலில் தானாக ரேஸ் ஏறினால் மேக்னெட் பக்க ஆயில் சீல் காய்ந்து காற்று இழுக்கலாம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டரில் இறுகி நின்றுவிடும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கியர் ஆயிலும் குறைந்தால் கிளட்ச் பக்க சீல் போயிருக்கலாம்.

ரவி, ஈரோடு: டேங்க் உள்ள துரு. கக்கூஸ் ஆசிட் ஊத்தலாமா?

தகடே ஓட்டையாகும். பெட்ரோல் டேப்பைக் கழற்றி, அந்தத் துளையை அடைத்துவிட்டு, வினிகர் ஊற்றி ஒரு நாள் வையுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, உடனே 2டி ஆயில் கலந்த பெட்ரோலைச் சுழற்றி விடுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாளே துரு.

பாஸ்கர், கரூர்: ஸ்ப்ளெண்டர், மூணு வருஷம். நேரா கிக் அடிக்கலாமா?

பிளக்! இதற்கு 5 மில்லி இன்ஜின் ஆயில் போதும். பழைய ஆயிலை மாற்றிவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஜோசப், நாகர்கோவில்: பழைய காஸ்ட் அயர்ன் புல்லட். ஸ்டார்ட் ஆச்சு, தெருவே புகை.

நின்ற நாளில் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிரேங்க் பக்கம் இறங்கியிருக்கும். கிரேங்க்கேஸ் டிரெயின் போல்ட்டைத் திறந்து வடித்துவிட்டு, ஆயில் அளவைச் சரிபாருங்கள். கிளட்ச் பிளேட் ஒட்டியிருந்தால் லீவரைப் பிடித்தபடி கிக் அடித்தால் விடும்.

குமார், நாமக்கல்: அண்ணே, ஆர்எக்ஸ்ல ஆயில் பம்பைத் தூக்கிப் போட்டுட்டு பெட்ரோல்லயே கலந்து ஊத்தச் சொல்லுங்க. பம்ப் நின்னா இன்ஜின் காலி.

முதல் டேங்குக்கு மட்டும் கலந்து ஊற்றலாம்: லிட்டருக்கு 25 மில்லி. ஆயில் பைப்பில் காற்று இருக்கும், அதை எடுக்கும்வரை அதுதான் காப்பு. நிரந்தரமாக வேண்டாம். கொல்லிமலை இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி கியரில் இறங்கினால் பெட்ரோல் குறையும், அதோடு ஆயிலும் குறையும். பம்ப் இருந்தால் இன்ஜின் சுற்றும் வேகத்துக்கும் ஏற்ப ஆயில் ஊட்டும்.

குமார்: ஆக்சிலேட்டர்ல இருந்து பம்புக்குப் போற கேபிள் அறுந்தா?

சரியான கேள்வி. அதற்குக் கேபிளைப் புதிதாகப் போடுங்கள், பம்பைக் கழற்ற வேண்டாம்.

பெயர் இல்லை: பல்சர், நாலு வருஷம், கிக்...

பிளக்.

மீனா, திருச்சி: டேங்க்ல பாதி பழைய பெட்ரோல் இருக்கு. புதுசு கலந்தா போதுமா?

போதாதும்மா. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரிந்திருக்கும். மொத்தமாக இறக்கிவிடுங்கள். அதோடு டயர் எவ்வளவு பழசு என்றும் பாருங்கள், பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம். வெடிப்பு இல்லாவிட்டாலும் அதை மாற்றுங்கள்.

ஆர்.சி. புதுப்பிப்பது பற்றிக் கேட்ட மூவரும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள்.