சுண்ணாம்புக்கல்லும் வட்டி விகிதமும்

அன்புள்ள சார்,

தொழிற்சாலைகளின் கார்பனைக் குறைப்பது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் பல வருடமாக கில்ன் (கல்லைச் சுடும் சூளை) கன்ட்ரோல் ரூமில் இருக்கிறேன். 2070-இல் சிமென்டும் எஃகும் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டர் மாடல் போட்டுக் காட்டும் படங்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. அடுத்த மாதம் நிலக்கரி என்ன விலைக்கு வரும் என்றே எங்களுக்குத் தெரியாது. இது கம்ப்யூட்டர் ஜாதகம்தானே? இன்னொன்று, இடமிருக்கும் இடமெல்லாம் சோலார் போட்டால் வேலை முடிந்ததா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

ரா., அரியலூர்

அன்புள்ள ரா.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். உங்களுக்குத் தெரிந்ததுதான், உறவினர்களுக்காக எழுதுகிறேன். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். அடுப்பில் எதை எரித்தாலும், எதையுமே எரிக்காமல் வெறும் வெயிலில் சுட முடிந்தாலும்கூட, அந்த 44 போகத்தான் போகும். அது கல்லுக்குள்ளேயே இருப்பது. உங்கள் ஊர் கடலாகக் கிடந்த காலத்தில் சிப்பியும் நத்தையும் ஓட்டுக்குள் பூட்டி வைத்தது. சிமென்ட் ஆலை விடும் கார்பனில் ஏறக்குறைய 60 சதவீதம் இந்தக் கணக்கில் வருகிறது. சோலார் போடுங்கள், கரன்ட் பில் குறையும். கல்லுக்கு அது தெரியாது.

அதனால் மாடலில் சிமென்டுக்குப் போக்கிடம் குறைவு. கில்னில் சுட்டெடுக்கும் கட்டியான கிளிங்கரைக் குறைத்து நிலக்கரிச் சாம்பல், இரும்பு ஆலைக் கழிவான ஸ்லாக், சுட்ட களிமண் என்று கலக்கலாம் (களிமண் கலவையில் ஐஐடி மெட்ராஸ்காரர்கள் நிறைய வேலை செய்திருக்கிறார்கள்). அதற்கு மேல் என்றால் புகையைப் பிடித்துப் புதைக்க வேண்டும். நார்வேயில் பிரெவிக் சிமென்ட் ஆலையில் 2025-இல் அதைத் தொடங்கிவிட்டார்கள், ஆண்டுக்கு 4 லட்சம் டன். பிடித்ததைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் வட கடலுக்கு அடியில் 2600 மீட்டர் ஆழத்தில் இறக்குகிறார்கள். அவ்வளவு செய்தும் அந்த ஆலையின் கார்பனில் பாதிதான் பிடிபடுகிறது.

சரி, ஜாதகம். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மார்க்கல் என்று ஒரு மாடல் வந்தது, இப்போது டைம்ஸ் என்ற பெயரில் அதன் வாரிசு பல நாடுகளில் ஓடுகிறது. உள்ளே இருப்பது லீனியர் புரோகிராமிங்தான். கல்யாணச் சமையல்காரர் லிஸ்ட் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். 500 பேர், வடை பாயசம் கட்டாயம், எண்ணெய் இத்தனை டின்னுக்கு மேல் கிடையாது என்று சொன்னால், இருப்பதில் செலவு குறைந்த லிஸ்டைக் கொடுப்பார். 500 பேர் வருவார்களா என்று அவரிடம் கேட்க முடியாது. 2070-இல் கார்பன் சுழியம் என்பதும் அப்படித்தான், மாடல் கண்டுபிடித்துச் சொன்னதில்லை, அதற்குப் போட்ட நிபந்தனை. படத்தைப் போடுகிறவர்கள் இதைச் சின்ன எழுத்தில் போடுவதால்தான் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. நியாயமான சிரிப்பு.

இனி ஏதாவது ரிப்போர்ட் கைக்கு வந்தால் வண்ணப் படத்தை விட்டுவிட்டு, எந்த வட்டியில் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். பழைய ஆலையில் செலவு எரிபொருளாக மெதுவாகப் போகிறது. சுத்தமான ஆலையில் பெரும்பகுதி முதலீடாக முதல் நாளே போய்விடுகிறது. 100 கோடி ரூபாய் முதலீட்டை 20 வருடத்தில் சம தவணையாகக் கட்டுவதாக வையுங்கள். 5 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 8 கோடி, 12 சதவீதம் என்றால் 13 கோடியே 40 லட்சம். இயந்திரம் அதேதான். ஐரோப்பாவில் உட்கார்ந்து 5 போட்டவருக்கு, நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைப் போட்டுச் செய்யும் எஃகு கட்டுப்படியாகும், இங்கே வங்கி கேட்கும் வட்டியைப் போட்டால் அதே மாடல் மறுபடியும் நிலக்கரி பக்கம் போய் நின்றுகொள்ளும். தொழில்நுட்பம் பற்றி நடக்கும் சண்டைகளில் பாதி வட்டியைப் பற்றிய சண்டை என்பது என் எண்ணம்.

அப்புறம், மாடல் மகா தந்திரக்காரன். ஒருமுறை ஹைட்ரஜன் தொட்டிக்கு விலை போட மறந்துவிட்டேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பக்கம் அடிக்கும் காற்று மின்சாரத்தையெல்லாம் ஹைட்ரஜனாக்கி, மலை போல ஒரு தொட்டி கட்டி, ஜனவரி வரை வைத்துக்கொண்டது. முடிவு பிரமாதமாக இருந்தது, இரண்டு நாள் சந்தோஷமாகவும் இருந்தேன்! தொட்டிக்கு விலை போட்டதும் எஃகு டன்னுக்கான செலவு எகிறிவிட்டது. வருடச் சராசரியை மட்டும் போட்டு ஓட்டும் மாடல்களும் இதே தப்பைத்தான் செய்கின்றன. சராசரியில் காற்று எப்போதும் வீசிக்கொண்டே இருக்கும். வருடத்தின் 8760 மணி நேரத்தையும் தனித்தனியாகப் போட்டால்தான், மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசர் எத்தனை நாள் சும்மா கிடக்கிறது என்று தெரியும்.

இவ்வளவு சொன்னதற்குப் பதிலாக எனக்கும் உங்களிடம் ஒன்று வேண்டும். சிமென்ட் கில்னில் நிலக்கரிக்குப் பதில் நகரக் குப்பையிலிருந்து எடுத்த எரிபொருளை எத்தனை சதவீதம் போடலாம் என்று மாடலில் ஒரு எண் கொடுக்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். குப்பையில் இருக்கும் பிளாஸ்டிக்கின் குளோரின், கில்னுக்குப் போகும் முன் கல் பொடியைச் சூடேற்றும் ப்ரீஹீட்டரில் படிந்து அதன் சைக்ளோன் கூம்பை அடைக்கும் என்பது வரை தெரியும். எத்தனை சதவீதம் தாண்டினால் உங்களுக்குத் தொல்லை ஆரம்பிக்கிறது, மழைக்காலத்தில் குப்பை ஈரமாக வரும்போது அது எவ்வளவு இறங்குகிறது? ஆலைப் பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். எழுதுங்கள்.