எழுத மனம் வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவள். வயது 29. மட்டக்களப்பு நகரில் ஒரு அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது என்னுடைய இரண்டு சிறுகதைகள் ஞாயிறு பத்திரிகையில் வந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சீ.ஆர். கொப்பியில் ஏழு கதைகள் தொடங்கி வைத்திருக்கிறேன், ஒன்றையும் முடிக்கவில்லை. விடிய நாலரைக்கு எழும்பி எழுதிப் பார்த்தேன், ஒரு கிழமை கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. முகநூலில் நாலு வரி போட்டால் நல்ல வரவேற்பு. கதை எழுத உட்கார்ந்தால் மட்டும் மனமே வருவதில்லை. அலுவலகத்தில் ‘எழுத்தாளர் அம்மா’ என்று பகிடி பண்ணுகிறார்கள். எனக்குத் திறமை இல்லையா, இல்லாவிட்டால் நான் சோம்பேறியா? இணையவழியில் எழுத்துப் பயிற்சி வகுப்பு ஒன்று நடக்கிறது, காசு கட்டிச் சேரலாமா? ஒரு கதையின் முதல் பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம்)

பதில்:

மகள், கடிதத்தை வைத்துவிட்டு முதலில் அந்தப் பக்கத்தைத்தான் வாசித்தேன். குருமண்வெளித் துறையில் பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கிற படகுக்கு, காத்து நிற்கிற ஒரு பெண். சைக்கிள் கரியரில் ஒரு உரப்பை, அதற்குள் செத்துப்போன தகப்பனுடைய உடுப்புகள். மண்டூரில் யாரிடமோ கொடுக்கக் கொண்டுபோகிறாள். பக்கத்தில் நிற்கிற கிழவர் ‘பைக்குள்ள என்ன மகள், நெல்லா?’ என்று கேட்கிறார். அவள் ‘ஓம்’ என்கிறாள். இந்த ‘ஓம்’ எழுதத் தெரிந்தவருக்குத் திறமை இருக்கிறதா என்று நான் வேறு சான்றிதழ் தர வேண்டுமா? அந்தக் கேள்வியை இத்தோடு விடுவோம்.

சோம்பேறியா என்ற கேள்வியும் சரிவராது. ஏழு கதை தொடங்கியவர் எப்படிச் சோம்பேறி ஆவார்? ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பக்கத்தின் அடியில் பாதை வந்து கரை தட்டுகிறது, அவள் சைக்கிளை ஏற்றுகிறாள், அத்தோடு நிறுத்திவிட்டீர்கள். மற்ற ஆறு கதைகளும் இப்படி ஒரு இடத்தில்தான் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். அக்கரையில் அவளுக்கு என்ன நடக்கப் போகிறது என்று உங்களுக்கே தெரியாது. அந்த இடத்தில் எல்லாருக்கும் எழுத்து கசக்கும். அதே நேரம் பார்த்துப் புதிதாக ஒரு கதை மனதில் வந்து நிற்கும், அது இனிக்கும். உடனே கொப்பியில் புதுப் பக்கம் திருப்பியாயிற்று. ‘மனம் வருவதில்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பதில் முக்கால்வாசி, அடுத்தது என்னவென்று தெரியாத பயம். அதற்கு நாலரை மணிக்கு எழும்பி என்ன பயன்? தெரியாதது நாலரைக்கும் தெரியாதுதான்.

அந்த நாலரை மணி விஷயத்தைப் பற்றியும் ஒரு சொல். யூடியூபில் எவரோ ஒருவர் சொல்லியிருப்பார், வெற்றி பெற்றவர்கள் எல்லாரும் விடியற்காலையில் எழும்புகிறவர்கள் என்று. அவர் வீட்டில் தேத்தண்ணி போடுவது யார் என்று அவர் சொல்லமாட்டார். நம்முடைய வீடுகளில் ஒரு பெண்பிள்ளை நாலரைக்கு லைட்டைப் போட்டால், ‘எழும்பிட்டியா, அப்ப அந்தத் தேங்காயத் துருவி வை’ என்று உள்ளே இருந்து ஒரு குரல் வரும். கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தால் சும்மா இருப்பதாகத்தான் மற்றவர்களுக்குத் தெரியும். ஒரு கிழமை தாக்குப்பிடிக்கவில்லை என்று வெட்கப்படுகிறீர்கள். அத்தனை நாள் இருந்ததே பெரிய காரியம்.

சரி, ஒழுங்கு எங்கிருந்து வரும்? நம்முடைய ஊரில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. களுவாஞ்சிகுடிப் பிள்ளை, நீங்கள் கூத்துப் பழகுவதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆளாளுக்குச் சட்டம் கொடுக்கிறார். அவரவர் பாட்டும் வசனமும் அவரவர் கையில். அதிலிருந்து ஆடுகளமான களரி ஏறும்வரை மாதக்கணக்காக இரவில் பழக்கம். வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, ஆடுகிறவர்களில் பலர் பகல் முழுக்க வயலில் நின்றவர்கள், வாவியில் தோணி வலித்தவர்கள், மேசன் வேலைக்குப் போய் வந்தவர்கள். கால் உளைவோடுதான் வந்து தாளத்துக்கு மிதிப்பார்கள். ‘இண்டைக்கு மனமில்ல அண்ணாவியார்’ என்று ஒருவர் வீட்டில் படுத்தால், வாசலுக்கு ஆள் வரும். நடுவில் சதங்கை கட்டுகிற நாள் ஒன்று, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்க்கிற நாள் ஒன்று என்று ஊர் வந்து பார்க்கிற நாள்கள் இருக்கின்றன. அரங்கேற்றம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், அடுத்த பழக்கத்துக்கு வராதவரை மத்தளக்காரர் கேட்பார். அங்கே யாரும் பெரிய மனத்திடம் உள்ளவர்கள் இல்லை. நாள் குறித்திருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது, இன்றைக்கு எந்தப் பாட்டு, எந்த ஆட்டம் என்று தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

உங்கள் கதைக்கு இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா? நாள் இல்லை. கேட்க ஆள் இல்லை. இன்றைக்கு எதை எழுதுவது என்ற தெளிவும் இல்லை. இவை இல்லாமல் வெறும் மனத்தை நம்பி ஏழு கதையையும் இழுக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

கேட்க ஆள் என்பதை நான் பெரிதாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அறுபதுகளில் கல்முனையில் என்ன நடந்தது என்று பாருங்கள். பெரியநீலாவணையில் நீலாவணன் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவரைச் சுற்றி எழுதுகிறவர்கள் கூடினார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்தார், சண்டையும் பிடித்தார். எம்.ஏ. நுஃமான், மருதூர்க் கொத்தன் என்று இன்றைக்கு நாம் சொல்கிற பெயர்கள் அந்த வட்டத்தில் இருந்தவை. தமிழும் முஸ்லிமும் ஒரே பாயில் இருந்து கவிதை பேசிய காலம் அது. அடுத்த சந்திப்புக்கு வெறுங்கையோடு போக முடியாது என்ற ஒரு வெட்கம் எத்தனையோ பேரை எழுத வைத்திருக்கும்.

உங்களுக்கு அவ்வளவு பெரிய வட்டம் தேவையில்லை. ஒரே ஒரு ஆள் போதும், ஆனால் சரியான ஆளாக இருக்க வேண்டும். ‘அருமை’ என்று மட்டும் சொல்கிற சிநேகிதி வேண்டாம். அலுவலகத்தில் பகிடி பண்ணுகிறவர்களும் வேண்டாம். அவர்களைப் பற்றி நான் வேறொன்றும் சொல்லப் போவதில்லை, அச்சில் கதை வந்த அன்றைக்கு அவர்களே முதலில் காட்டித் திரிவார்கள். தானும் எழுதுகிற ஒருத்தியைப் பாருங்கள். கூடப் படித்தவர்களில் ஒருத்தியாவது இப்படிக் கொப்பியை மூடி வைத்துக்கொண்டு இருப்பாள். வெள்ளி இரவு ஆளுக்கு ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது என்று பேசிக்கொள்ளுங்கள். நல்லது கெட்டது சொல்லக்கூடத் தேவையில்லை. ‘வந்தது’ என்று ஒரு பதில் போதும். வராவிட்டால் ‘எங்க பக்கம்?’ என்று அவள் கேட்க வேண்டும், அதுதான் அவளுடைய வேலை.

இனி நேரம். களுவாஞ்சிகுடியில் இருந்து நகரத்துக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் போகும். அதில் எழுதச் சொல்லமாட்டேன், இருக்க இடம் கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம். ஆனால் அலுவலகம் எட்டரைக்கு. பஸ்ஸை நம்ப முடியாது என்று எப்படியும் வெள்ளனப் புறப்படுகிறவர்தானே நீங்கள்? எட்டு மணிக்கு மேசைக்குப் போய்விட்டால் அரை மணித்தியாலம் உங்களுடையது. காந்திப் பூங்காவில் வாவியைப் பார்த்துக்கொண்டு எழுதுவது கேட்க அழகாக இருக்கும்; தனியே ஒரு பெண் கொப்பியோடு இருந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள், எழுத்து ஓடாது. அலுவலக மேசைதான் நல்ல இடம். கோப்பு ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டால் யாரும் என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். எட்டரை அடித்ததும் கொப்பியை மூடிவிடுங்கள். அரசாங்க நேரத்தில் எழுதினால் அந்தப் பகிடிக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

அந்த அரை மணித்தியாலத்தில் நூற்றைம்பது சொல் எழுதினால் போதும், சீ.ஆர். கொப்பியில் ஒரு பக்கம் வரும். வேலை நாள் ஐந்து என்று வைத்தால் இரண்டு கிழமையில் ஆயிரத்து ஐந்நூறு சொல், ஒரு சிறுகதையின் முதல் வரைவு. கணக்கு இவ்வளவு சின்னதாக இருப்பதைப் பார்த்து நம்பாமல் விடாதீர்கள். மூடுவதற்கு முன் அடுத்த நாளுக்கு ஒரு வரி குறித்து வையுங்கள்: ‘நாளைக்கு, பாதைக்குள் கிழவர் பையைத் தொடுகிறார்’ என்று. மறுநாள் வந்து கொப்பியைத் திறக்கும்போது என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அந்த வரியில் இருந்து தொடங்கலாம். அதுவும் தெரியாவிட்டால் தெரிந்த இடத்துக்குத் தாவுங்கள். அவள் பையில்லாமல் திரும்பி வருகிற பின்னேரம் உங்களுக்குத் தெரியுமா? அப்படியென்றால் அதை எழுதுங்கள். நடுவில் இருப்பது பிறகு வரும். கதையை முதல் வரியில் இருந்து வரிசையாகத்தான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தவறிப்போகிற நாள்கள் வரும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு என்றால் ஒரு கிழமை போய்விடும். மாரியில் வெள்ளம் வந்தால் வீட்டுச் சாமான்களை மேலே தூக்கி வைப்பதா, கதை எழுதுவதா? போனது போகட்டும். விட்ட பக்கங்களையும் சேர்த்து ஒரே நாளில் எழுதப் போகாதீர்கள், அதில்தான் பலர் முறிந்து போகிறார்கள். திரும்பி வந்த அன்றைக்கும் அதே ஒரு பக்கம்தான்.

முகநூலைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. பரவாயில்லை. நாலு வரி போட்டதும் பத்து நிமிடத்தில் கை தட்டல் கிடைக்கிறது. கதைக்குக் கை தட்டல் வர மாதங்கள் ஆகும், வராமலும் போகலாம். ஒரே மனம் இரண்டுக்கும் பழகாது, உடனே கிடைப்பதன் பக்கம்தான் சாயும். அதிலும் மோசம், எழுதப் போகும் கதையை முன்கூட்டியே அங்கே சொல்வது. சொல்லிப் பாராட்டும் வாங்கிய பிறகு அதை எழுத என்ன அவசரம்? இந்தக் கதை முடியும்வரை அங்கே மற்றவர்களுக்கு வாழ்த்துச் சொல்வதோடு நின்றுகொள்ளுங்கள்.

வேலை இருக்கிறது, நேரம் இல்லை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் அது வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. அதற்கு நம்முடைய காரைதீவில் பிறந்தவரையே பார்க்கலாம். விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் இசையை ஆராய்ந்த யாழ்நூலுக்கு ஏறத்தாழ 14 ஆண்டுகள் உழைத்தார். அந்த ஆண்டுகளில் அவர் ஒரு அறையில் சும்மா இருந்து ஆராயவில்லை. பள்ளிக்கூடங்களைப் பார்த்தார், இமயமலையில் மாயாவதிக்குப் போய் ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றுக்கு ஆசிரியராக இருந்தார், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். நூல் 1947 ஜூனில் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் காலமானார். இப்படி ஒருவரைச் சொல்லி உங்களை வெருட்டுவது நோக்கமில்லை. பெரிய வேலைகள் கூட மற்ற வேலைகளுக்கு நடுவில்தான் நடந்திருக்கின்றன என்பதற்காகச் சொன்னேன். உங்களுக்கு இருப்பது ஒரு சிறுகதை.

பயிற்சி வகுப்பு? இப்போது வேண்டாம். காசு கட்டினால் எழுதிவிட்டது போல ஒரு திருப்தி வரும், அது ஆபத்து. முடித்த கதைகள் மூன்று கையில் இருந்தால் வகுப்பில் கேட்க உங்களிடம் கேள்வி இருக்கும், அப்போது போங்கள். அதுவரை இலவசமாக ஒரு வகுப்பு இருக்கிறது. நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளைக் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறார்கள். மல்லிகையின் பழைய இதழ்களைத் திறந்து, கிழக்கில் இருந்து எழுதியவர்களின் கதைகளில் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்துக்கொண்டு போங்கள். உங்களுக்குத் தொடங்கத் தெரியும். முடிப்பதைத்தான் படிக்க வேண்டும்.

எழுதி முடித்ததை அனுப்புவது பற்றிச் சுருக்கமாக. ஞாயிறு பத்திரிகைகளோடு நின்றுவிடாதீர்கள். மட்டக்களப்பில் மகுடம், யாழ்ப்பாணத்தில் ஜீவநதி, கொழும்பில் ஞானம் என்று இலக்கியச் சஞ்சிகைகளும் உண்டு, இப்போதும் வருகின்றனவா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். யூனிக்கோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினால் அந்தப் பக்கத்தில் கோழிக் கிறுக்கலாகத் திறக்கலாம், ஆசிரியரும் மனிதர்தான். ஒரு கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது. பதில் வராவிட்டால் மூன்று மாதம் பொறுத்து, ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு, அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். பதில் வராததை உங்கள் எழுத்துக்கான தீர்ப்பு என்று எடுக்க வேண்டாம், பல இடங்களில் பதில் போட ஆளே இல்லை.

ஏழில் ஆறு கதைகளைக் கட்டி அலுமாரிக்குள் வையுங்கள். பாதைக் கதையை மட்டும் வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த நாளில் இருந்து ஒரு மாதம் தருகிறேன். வரைவு எவ்வளவு கோணலாக இருந்தாலும் இந்தப் பகுதியின் முகவரிக்கு அனுப்புங்கள், அந்தப் பையை அவள் யாரிடம் கொடுத்தாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். தலைப்பு இல்லாமல் அனுப்பினாலும் வாங்குவேன். ஒரு மாதத்தில் வராவிட்டால் ‘எங்க மகள் கதை?’ என்று இதே பக்கத்தில் கேட்பேன், பெயர் போடாமல்தான்.