சுவீடனின் இரும்பு: திருப்பத்தை 1940-க்கு மாற்றுங்கள்

உங்கள் மாற்று வரலாற்றுக் கதையில், 1939-இல் சுவீடன் ஜெர்மனிக்கு அனுப்பிய இரும்புத் தாதுவை நிறுத்தியதும் ஜெர்மனி சரிவதாக எழுதியிருக்கிறீர்கள். வாசித்தவர்கள் நம்ப மறுக்கிறார்கள் என்கிறீர்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஜெர்மனியிடமிருந்தும் நிலக்கரி வாங்கி வந்த சுவீடன் தானாக முன்வந்து ஏன் நிறுத்த வேண்டும்?

1940 மார்ச்சைப் பாருங்கள். சோவியத்துடன் போரிட்டுக்கொண்டிருந்த பின்லாந்துக்கு உதவுவதாகச் சொல்லி, நார்வேயின் நார்விக் துறைமுகம் வழியாகச் சுவீடனின் சுரங்கப் பகுதிக்குள் படையனுப்ப பிரிட்டனும் பிரான்சும் திட்டமிட்டன. நார்வேயும் சுவீடனும் வழிவிட மறுத்தன. மார்ச் 13-இல் பின்லாந்துப் போரும் நின்றது. உங்கள் கதையில் நார்வேயும் சுவீடனும் இணங்கட்டும்! சுவீடனிலிருந்து தாது நேரடியாகக் கப்பலேறும் லூலியோ துறைமுகம் உறைந்து கிடக்கும் பருவம் அது; அப்போது தாது நார்விக் வழியாகத்தான் போக வேண்டும். பிரான்ஸ் இன்னும் வீழவில்லை, ஆகவே அந்நாட்டின் லொரைன் பகுதித் தாதுவும் ஹிட்லரிடம் இல்லை.

ஆனால் ஜெர்மனி உடனே பதிலடி கொடுக்கும், நேச நாடுகள் சோவியத்துடனும் மோத நேரலாம். ஸ்டாக்ஹோம் அமைச்சரவையின் அந்த அச்சத்தை விரிவாக எழுதுங்கள்.